அலுவலக மீன்தொட்டி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு என் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே செய்திதான். "அண்ணே, மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. என்ன பண்றது?"

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தின் வரவேற்பறையில் இரண்டடித் தொட்டி ஒன்றை வைத்து ஏழு வருடம் ஆகிறது. அதைப் பார்த்த நண்பர்கள் அண்ணா நகர், கிண்டி, பெருங்குடி என்று அவரவர் அலுவலகங்களிலும் கேட்டார்கள். வைத்துக் கொடுத்தவன் நான் என்பதால் கோளாறு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடி ஓடிச் சரிசெய்ததில், திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது இந்த மாதிரித் தொட்டியைப் பற்றி: 24க்கு 12க்கு 12 அங்குலம், மணலும் மேலே விட்ட இடமும் போகச் சுமார் 45 லிட்டர் தண்ணீர். கழுவிய ஆற்றுமணல் இரண்டு அங்குலம். ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். டைமரில் ஒரு எல்இடி விளக்கு. அனுபியஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வல்லிஸ்நேரியா என்ற செடிகள். ஏழெட்டுக் கப்பி மீன்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. உங்கள் தொட்டி இதைவிடச் சிறியது என்றால் கீழே சொல்லும் எல்லாமே இன்னும் வேகமாக நடக்கும்.

## தொட்டியில் கை வைக்கும் முன்

அலுவலகத் தொட்டிக்கு வரும் கோளாறின் வேர் பெரும்பாலும் அலுவலகத்தில்தான் இருக்கும். அதனால் முதலில் மூன்று பேரிடம் போய்க் கேட்பேன்: ஹவுஸ்கீப்பிங் அக்கா, பேன்ட்ரித் தம்பி, கட்டடத்தின் வாட்ச்மேன். கடந்த மூன்று நாளில் பூச்சி மருந்து அடித்தார்களா, சம்ப்பையோ மாடித் தொட்டியையோ கழுவினார்களா, கரன்ட் போனதா, லாரித் தண்ணீர் வந்ததா, மீனுக்குத் தீனி போட்டது யார், எத்தனை பேர்? "நீங்கதானே பண்ணீங்க?" என்று ஆரம்பித்தால் ஒன்றும் வெளியே வராது. "அக்கா, சனிக்கிழமை மருந்து அடிக்க யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்வார்கள்.

மேசை டிராயரில் இவை இருக்கட்டும்: தெர்மாமீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், அம்மோனியா டெஸ்ட் கிட், குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து, குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின். இவை இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம்தான். ஊகத்தில் தண்ணீரை முழுதாகக் கொட்டி மாற்றி, பிழைத்திருக்க வேண்டிய மீன்களைப் பறிகொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன

அவசரம் இதில்தான். காரணத்தைத் தேடுவதற்கு முன் ஏர் மோட்டார் ஓடுகிறதா, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிளக், டியூப், ஸ்பாஞ்ச் என்ற வரிசையில் பாருங்கள். பாதி நேரம் யாரோ லேப்டாப் சார்ஜருக்காகப் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். தொட்டியின் சுவிட்ச் மேல் "அணைக்காதீர்கள், உயிர்கள் இருக்கின்றன" என்று எழுதி ஒட்டுங்கள். வெறும் "அணைக்காதீர்கள்" என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, இதைப் பொருட்படுத்துகிறார்கள்.

குமிழி வந்துகொண்டிருந்தும் மீன்கள் மேலேயே நின்றால், எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

### தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் என்றால்

குளோரின். மீன்கள் பரபரவென்று ஓடும், செவுள் சிவந்திருக்கும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் "எங்களுக்குப் போர் தண்ணிதான் சார்" என்று சொல்லும் கட்டடத்திலும் இது வரும். மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய மறுநாள் குழாயில் வருவது நேற்று வந்த தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரிலும் குளோரின் கூடக் குறைய இருக்கும்.

சோதனை: குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குளோரின் சொட்டு மருந்தை விடுங்கள். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மஞ்சள் கூடக் கூட அளவும் கூடுதல்.

செய்ய வேண்டியது: ஆன்டி குளோரினை, நீங்கள் மாற்றிய பத்து லிட்டருக்கு மட்டும் கணக்குப் பண்ணாமல் முழுத் தொட்டிக்கும் கணக்குப் பண்ணி விடுங்கள். காற்றைக் கூட்டுங்கள். குளோரின்தான் காரணம் என்றால் மீன்கள் சீக்கிரமே நிதானப்படும். இனிமேல் தண்ணீர் மாற்றும்போது முதல் நாளே பக்கெட்டில் பிடித்து ஆன்டி குளோரின் விட்டு வையுங்கள். பக்கெட்டை மூடி வைப்பது அவசியம். திறந்து கிடக்கும் பக்கெட்டில் கொசுப்புழு வந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் ஆய்வுக்கு வரும்போது அலுவலகத்துக்குக் கெட்ட பெயர், அதோடு தொட்டிக்கும் வேட்டு.

### தொட்டி வைத்து ஒரு மாதத்துக்குள் என்றால்

அம்மோனியா. கழிவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீன்களைக் கூட்டமாக விட்டிருந்தால் தண்ணீரில் விஷம் ஏறும். கிட்டில் 0 தவிர எது வந்தாலும் கவனம் வேண்டும், 0.5க்கு மேல் என்றால் அன்றே வேலை.

தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். தினம் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரைக் கழுவாதீர்கள். நம் ஊர்ப் போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அந்த மாதிரித் தண்ணீரிலும் வெயில் காலத்திலும் அதே அளவு அம்மோனியா மீனை இன்னும் கடுமையாகத் தாக்கும். கிட் காட்டுவது குறைவு என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

### பழைய தொட்டியில் திடீரென்று என்றால்

மூன்று காரணங்களை இதே வரிசையில் பாருங்கள்.

ஒன்று, தீனி. அலுவலகத்தில் மீனுக்கு ஆசையாகப் போடுகிறவர்கள் ஐந்து பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் போடுவதாக நினைப்பார்கள். மணல் மேல் வெள்ளையாகப் பூத்த தீனி கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டப்பாவைப் பூட்டி ஒருவரிடம் சாவி கொடுங்கள். மற்றவர்களுக்கு மனம் வருந்தாதபடி வாரத்துக்கு ஒரு நாள் முறை வைத்துக் கொடுத்தால் நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இரண்டு, கழுவிய ஃபில்டர். சுத்தமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுவார்கள். ஆறு வாரத்தில் குடியேறிய பாக்டீரியா ஆறு நிமிடத்தில் போய்விடும். இப்போது தொட்டி மறுபடி புதுத் தொட்டி. மேலே சொன்ன அம்மோனியா வழியைப் பின்பற்றுங்கள். சோப்பு பட்ட ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, தெரிந்தவர் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். நான் ஒரு ஸ்பாஞ்சை எப்போதும் உபரியாக ஓடவிட்டு வைத்திருப்பது இதற்காகத்தான். சாதாரண நாளில் ஸ்பாஞ்சைக் கழுவ, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தாலே போதும்.

மூன்று, செத்த மீன். எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் செடிக்குப் பின்னால், ஃபில்டருக்கு அடியில் தேடுங்கள்.

### திங்கள் காலை மட்டும், அதுவும் கோடையில் என்றால்

வெள்ளி மாலை ஏசியை அணைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டிவிடுகிறோம். பெருங்குடித் தொட்டியில் ஒரு மே மாதம் அளந்தேன்: வெள்ளி மாலை 25 டிகிரி, திங்கள் காலை 31. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும். செடிகளும் இருட்டில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் மீன்கள் தவிக்கின்றன.

விளக்கு அணைந்தாலும் ஏர் மோட்டார் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மின் சிக்கனம் என்று அதையும் டைமரில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அக்கினி நட்சத்திரம் முடியும் வரை மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், மீன் குதிக்காதபடி வலை ஒன்றைப் போட்டு. திங்கள் காலையில் ஐஸ் கட்டி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடு ஏறியது இரண்டு நாளில், நீங்கள் இறக்குவது இரண்டு நிமிடத்தில். மீனுக்கு அதுதான் பெரிய அடி.

### பூச்சி மருந்து அடித்த பிறகு என்றால்

அலுவலகத் தொட்டிக்கென்றே வரும் ஆபத்து இது. கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. மனிதருக்குப் பெரிய தொந்தரவு இல்லாத அளவே மீனையும் இறாலையும் கொன்றுவிடும். ஏர் மோட்டார் அறையின் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுவதால், மூடிய தொட்டியும் தப்பாது. மீன்கள் சுழன்று சுழன்று நீந்தும், பக்கவாட்டில் சாயும். இறால் இருந்தால் அதுதான் முதலில் சாகும்.

உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாதி. மீன்தொட்டிக்கென்று விற்கும் கரித்தூள் (ஆக்டிவேட்டட் கார்பன்) பை கிடைத்தால் ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள். மோட்டாரை வேறு அறையில் வைத்து நீள டியூபில் காற்றைக் கொண்டுவாருங்கள். இதற்கு மேல் செய்வதற்கு அதிகம் இல்லை, எத்தனை மீன் பிழைக்கும் என்பது எவ்வளவு உள்ளே போனது என்பதைப் பொறுத்தது.

ஆகவே முன்னாலேயே தடுப்பதுதான் வழி. மருந்து அடிக்கும் தேதியை அட்மினிடம் கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று மோட்டாரை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து காற்றாடவிட்டபின் மோட்டாரைப் போடுங்கள். யாராவது ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் மூச்சுத் திணறியே மீன்கள் செத்துப்போகும். கொசுவர்த்தி லிக்விடையும் தொட்டி இருக்கும் அறையில் செருக வேண்டாம். ஆயுத பூஜை நாளில் சாம்பிராணிப் புகை போடும்போதும், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஸ்பிரேயைத் துணியில் அடித்துவிட்டுத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்: அம்மோனியா 0, குளோரின் இல்லை, காற்று ஓடுகிறது, மருந்தும் அடிக்கவில்லை, ஆனாலும் தினம் ஒரு மீன் சாகிறது என்றால் அது நோய். அனுபவமுள்ள கடைக்காரரிடம் மீனின் வீடியோவைக் காட்டுங்கள். கொளத்தூரில் மீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு, அவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். படித்தவர்களிடமே கேட்க வேண்டும் என்றால் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் வளாகம் இருக்கிறது.

## தண்ணீர் கலங்கியிருக்கிறது

நிறம் என்ன என்று பாருங்கள்.

பால் மாதிரி வெள்ளை, தொட்டி வைத்த அன்றே: மணல் தூசி. ஆற்றுமணல் என்று கொடுத்தது எம்-சாண்டாக இருந்தால் கல்தூள் கலங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பிடி மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். தெளியவில்லை என்றால் மணலை வெளியே எடுத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பும் கிளிஞ்சலும் தண்ணீரைக் கடினமாக்கும். மணல் மேல் வினிகர் விட்டால் நுரைக்கிறது என்றால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது.

வெள்ளை, ஒரு வாரம் கழித்து: பாக்டீரியா பெருக்கம். தீனியைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள். சில நாளில் தானாகத் தெளியும். அவசரப்பட்டுத் தண்ணீரை முழுவதும் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வரும்.

டீ டிகாக்ஷன் நிறம்: மரக்கட்டையோ காய்ந்த பாதாம் இலையோ போட்டிருக்கிறீர்கள். தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் சருகைப் போட்டாலே இந்த நிறம் வரும். மீனுக்குக் கெடுதல் இல்லை. முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டையை எடுத்துப் பல முறை கொதிக்கவைத்து மறுபடி போடுங்கள். எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

பச்சை: மிதக்கும் பாசி. மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்று பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்று பாருங்கள். காலையில் பார்த்தால் தெரியாது. விழுகிறது என்றால் திரை போடுங்கள். அதன்பின் வெள்ளி மாலை விளக்கை நிறுத்தி, தொட்டியைச் செய்தித்தாளால் சுற்றி திங்கள் காலை வரை இருட்டில் வையுங்கள். காற்று மட்டும் ஓடட்டும். அலுவலக விடுமுறை இதற்கு வசதி. இரண்டு முறை இப்படிச் செய்தும் போகாவிட்டால்தான் யூவி விளக்கு வைத்த ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்தச் செலவு எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

## செடிகள் அழிகின்றன

### புதிதாக நட்ட செடி கூழாகிறது

கிரிப்டோகோரைன் இடம் மாறினால் இலையை உருக்கிக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும். பிடுங்கி எறியாதீர்கள். உருகிய இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். ஒரு முறை ஒரு நண்பர் நட்ட பத்தாம் நாளே எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். நான் எடுத்துவந்து நட்டேன், இன்றும் என் தொட்டியில் இருக்கிறது.

கடைகளுக்கு வரும் செடிகள் பல, தண்ணீருக்கு மேலே வளர்ந்தவை. அந்த இலைகள் உதிர்ந்து தண்ணீருக்கேற்ற இலை வரும். நடுத்தண்டு கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டி என்றால் உயிர் இருக்கிறது.

### அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் அடியில் அழுகுகிறது

மணலில் புதைத்திருக்கிறார்கள். இவற்றின் தடித்த தண்டு வெளியே இருக்க வேண்டும், வேர் மட்டும் போனால் போதும். அழுகிய பகுதியைக் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

### பழைய செடி மஞ்சளாகிறது, ஓட்டை விழுகிறது

எந்த இலை என்று பாருங்கள். பழைய இலைகள் மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை, மீன் குறைவான தொட்டியில் வரும். இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை என்றால் பொட்டாசியம். புதுக் குருத்து வெளிறியிருந்தால் இரும்புச் சத்து. மூன்றுக்கும் முதல் வைத்தியம் செடிக்கான திரவ உரம், புட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு, வாரம் ஒரு முறை. கிரிப்டோகோரைனுக்கும் வல்லிஸ்நேரியாவுக்கும் வேரடியில் உர மாத்திரை. மாற்றம் தெரிய மூன்று வாரம் ஆகும். அதற்குள் இன்னொரு உரத்தைச் சேர்க்க வேண்டாம், பாசிக்குத்தான் விருந்து. தோட்டத்து யூரியாவைத் தொட்டியில் போடவே கூடாது.

## பாசி

முதல் மாதத்தில் கண்ணாடியிலும் இலையிலும் வரும் பழுப்புத் தூள் ஒன்றும் செய்யாது. துணியால் துடைத்துவிடுங்கள். தொட்டி முதிர முதிரப் போய்விடும்.

பச்சைப் புள்ளியும் பச்சை நூலும் விளக்கு கூடியதால் வருபவை. டைமரைப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஆறாகக் குறையுங்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை விளக்கு எரியும் தொட்டிகளில்தான் இது வருகிறது. 11 மணிக்குப் போட்டு 5 மணிக்கு அணைத்தால் அலுவலகத்துக்கும் போதும், செடிக்கும் போதும். டைமர் இல்லாமல் யாரோ ஒருவர் ஞாபகத்தை நம்பியிருந்தால் முதலில் டைமரை வாங்குங்கள்.

இலை ஓரத்தில் கறுப்புத் தாடி போலத் தொங்கும் பாசி அனுபியஸின் பழைய இலையில் வரும். தேய்த்தால் போகாது. அந்த இலைகளை வெட்டுங்கள், விளக்கைக் குறையுங்கள், தண்ணீர் மாற்றுவதைத் தவறாமல் செய்யுங்கள். மெதுவாகத்தான் குறையும்.

நீலப்பச்சை நிறத்தில் மணலைப் போர்வை போல மூடி, கெட்ட வாடை அடிப்பது பாசியே இல்லை, பாக்டீரியா. டியூப் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை இருட்டு. அந்த மூலையில் தண்ணீர் ஓட்டம் இருக்கும்படி ஃபில்டரை நகர்த்துங்கள். கடையில் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், வேண்டாம். ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது.

## கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு, மீன்கள் மந்தம்

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏசி அறையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால் மாதக் கணக்கில் உப்பு ஏறிக்கொண்டே போகும். டிடிஎஸ் மீட்டரைத் தொட்டியிலும் குழாயிலும் வைத்துப் பாருங்கள். குழாயில் இருப்பதைவிடத் தொட்டியில் மிக அதிகம் என்றால் இதுதான் காரணம்.

ஆவியானதை நிரப்பக் கேன் தண்ணீர், வாரம் பத்து லிட்டர் மாற்றுவதற்குக் கலந்த தண்ணீர். கணக்கு எளிது: போர் தண்ணீர் 1000, கேன் தண்ணீர் 50 என்று மீட்டர் காட்டினால், ஒரு பங்கு போரும் மூன்று பங்கு கேனும் கலந்தால் 300க்குச் சற்றுக் குறைவாக வரும். கப்பிக்கும் செடிக்கும் அது வசதியான அளவு. வெறும் கேன் தண்ணீரில் தொட்டியை ஓட்டாதீர்கள், செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாதுக்கள் அதில் இல்லை. ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கவும் கூடாது, வாரம் கால்வாசியாக மாற்றி ஒரு மாதத்தில் இறக்குங்கள்.

இந்த ஊரில் குழாயில் வருவது நேற்று மெட்ரோ, இன்று லாரி, நாளை போர். கோடையில் தினம் மாறும். அதனால் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் மீட்டரை வைத்துப் பார்ப்பது நான் விடாத பழக்கம். தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும் என்றால் மோலி, கப்பி வளருங்கள். நியான் டெட்ராவைக் கொண்டுவந்து அதனோடு போராட வேண்டாம்.

## மேலே எண்ணெய்ப் படலம், தொட்டி முழுக்க நத்தை

படலத்துக்கு டிஷ்யூ பேப்பரை மேலே விரித்து எடுங்கள், குமிழியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நத்தை செடியோடு முட்டையாக வந்தது. பெருகினால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் அதில் ஒட்டிய நத்தைகளோடு எடுத்துவிடுங்கள். நத்தை மருந்து வேண்டாம், கூட்டமாகச் செத்து அம்மோனியாவைக் கிளப்பும்.

## மீன் உடம்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி

ஏசி காற்று நேரே தொட்டி மேல் அடிக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். குளிரும் சூடும் மாறி மாறி வந்தால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து இந்த ஒட்டுண்ணி பிடிக்கும். புது மீன் வாங்கி விட்டு ஒரு வாரத்துக்குள் என்றால் அதோடு வந்தது.

ஏசி காற்றைத் திருப்புங்கள். 50 வாட் ஹீட்டர் வைத்து 28 டிகிரியில் நிறுத்துங்கள். சென்னையில் ஹீட்டரா என்று கேட்பார்கள். ஏசியை 22-ல் வைக்கும் அலுவலகத்துக்கு வேண்டும். கடையில் வெள்ளைப் புள்ளி மருந்து என்று கேட்டு வாங்கி, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும், மணலில் இன்னும் இருக்கும். இறால் இருந்தால் மருந்துக்கு முன் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மருந்து முடிந்தும் ஒரு வாரத்தில் மறுபடி வந்தால் அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள், இரண்டாவது மருந்தை நீங்களாகப் போட வேண்டாம்.

## மேசையில் ஈரம், தண்ணீர் மட்டம் குறைகிறது

பதறுவதற்கு முன் ஈரம் எங்கே என்று பாருங்கள்.

கண்ணாடி வெளிப்பக்கம் முழுவதும் வியர்த்திருக்கிறது: ஏசியில் குளிர்ந்த தொட்டியில், ஏசி அணைந்தபின் நம் ஊர்ப் புழுக்கக் காற்று பட்டதால் வந்த ஈரம். மழைக்காலத்தில் கூடுதல். துடைத்துவிடுங்கள், கோளாறு இல்லை.

ஏர் மோட்டார் நனைந்திருக்கிறது, தரையில் குளம்: கரன்ட் போன நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். வால்வு மிக மலிவு, ஆனால் ஒரு நண்பரின் அலுவலகத்தில் அது இல்லாததால் மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் கார்பெட் முழுக்க நனைந்தது. நனைந்த மோட்டாரைத் திரும்பச் செருகாதீர்கள்.

எங்கும் ஈரமில்லை, மட்டம் மட்டும் குறைகிறது: ஆவி. மட்டத்தில் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். மூடியில்லாத தொட்டியில் வாரத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் இறங்குவது சாதாரணம்.

கீழ் விளிம்பில், மூலையில் ஈரம்: டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஒட்டின் மேலும் வைத்து வாருங்கள். நனையும் இடம் கசிவு. கண்ணாடியில் விரிசல் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றி, தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டி செய்பவரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் இருக்கும்போது வெளியிலிருந்து சிலிக்கான் பூசுவது நிற்காது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிக் காயவிட வேண்டும். பழைய தொட்டி என்றால் புதிதாக வாங்குவதே மேல் என்று அவர் சொன்னால் நம்புங்கள்.

மேசை நடுவில் குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தத் தொட்டி நிரம்பினால் எடை 70 கிலோவைத் தொடும். அலுவலக லேமினேட் மேசை தாங்காது, மூலையில் அழுத்தம் ஏறி ஒட்டு விடும். இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் பலகை, அதன்மேல் தெர்மோகோல் தாள், பிறகுதான் தொட்டி.

## தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

இதற்கு நீங்கள் செய்யும் சோதனை எதுவும் இல்லை. கையை எடுங்கள், மெயினை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், முக்கியமாக ஈரத் துணியோடு துடைக்க வரும் அக்காவை. கசிவு ஹீட்டரிலோ விளக்கிலோ இருக்கலாம், சுவிட்ச் போர்டுக்கு எர்த் இல்லாமலும் இருக்கலாம். அந்த போர்டில் கசிவு வந்ததும் தானே அணையும் பிரேக்கர் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள், இல்லையென்றால் அன்றே போடச் சொல்லுங்கள். எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறுவது போல இருக்கட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தண்ணீரில் கை விடும் ஒவ்வொரு முறையும் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுத்தான் விட வேண்டும். வேலை முடிந்ததும் ஏர் மோட்டாரை மறக்காமல் திரும்பச் செருகுங்கள்.